காப்பி மண்டியில் ஒரு மயில்

முஜியோனோ: மறுபடியும் கேக்கறேன் பொனிரான். சிகரெட் மேல காப்பி மண்டியில வரைஞ்ச இந்த மயிலு… உன் கை வேலைதானா?

பொனிரான்: பின்ன, பூனையா வந்து வரைஞ்சுது? சிகரெட்ல படம் வரையற போட்டியில துலுங்காகுங் ஊருக்கே நான்தான் முதல்! துகினாக்கா, ராஜாவுக்கு இன்னொரு காப்பி!

துகினா: வருது ராஜா. கொஞ்சம் மெதுவாப் பேசு.

முஜியோனோ: பளிங்குக்கல் அறுக்கற கைடா இது. காப்பிய சாசர்ல ஊத்தினாலே பாதி மேசையில நிக்கும்…

பொனிரான்: மூணு வருஷமா ஜெயிச்சவன் இந்தத் தடவை ரெண்டாவது. வயிறு எரியத்தான் செய்யும்!

முஜியோனோ: சரி, மண்டிய எப்படிப் பக்குவம் பண்ணின?

பொனிரான்: அது… காப்பிய இறுத்துட்டு… அப்புறம்…

துகினா: துணியில ஒத்தி, ரெண்டு சொட்டு பால் விட்டுக் குழைக்கணும்.

முஜியோனோ: அவனைக் கேட்டேன்க்கா.

துகினா: கடை என்னுது, மண்டியும் என்னுது. நான் சொல்லக்கூடாதா?

முஜியோனோ: இந்த வருஷம் புதுசா ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? நாலு மணிக்கு மைதானத்துல, முதல் ரெண்டு இடம் வந்தவங்களும் ஊரு முன்னால வரைஞ்சு காட்டணும்.

பொனிரான்: ஊரு முன்னாலயா? யாரும் சொல்லவே இல்லயே…

முஜியோனோ: இந்தா பல்குச்சி. ஒரே ஒரு கோடு போடு, நான் வாயத் தொறக்கல.

பொனிரான்: எனக்கு… தோள்பட்டைல வலிடா.

முஜியோனோ: ஏமாத்துன்னு மேடையில தெரிஞ்சா, உன்னோட சேர்ந்து இந்தக் கடை பேரும் நாறும்.

துகினா: கடை பேர இழுக்காத தம்பி. அந்தக் குச்சிய இங்க குடு.

பொனிரான்: அக்கா, வேணாம்…

துகினா: நீ சும்மா இரு. பதினோரு வருஷமா நீங்க குடிச்சு வச்ச மண்டியக் கழுவறேன். புகை பிடிக்காத பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்னு சிரிப்பாங்கன்னுதான் இவன் பேர்ல குடுத்தேன். நல்லாப் பாரு. இது கழுத்து… இது கொண்டை… இந்தா, கண்ணு.

முஜியோனோ: அட, அச்சு அசலா அதே மயிலு!

பொனிரான்: என்னடா, இப்பத் திருப்தியா?

துகினா: நாலு மணிக்கு நானே ஏறப்போறேன், என் பேரச் சொல்லி! சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பொனிரான், கடைய நீ பாத்துக்க.

பொனிரான்: கடைய மூடிட்டு நானும் வரேன்க்கா, கை தட்ட ஆள் வேணாமா? ஆனா முஜியோனோ, நீ எப்படிடா மோப்பம் பிடிச்ச?

முஜியோனோ: பாம்பின் கால் பாம்பறியும்டா. மேடைக்கு எப்படி டிமிக்கி குடுக்கறதுன்னு காலைலேந்து நானும் யோசிக்கிறேன்… அக்கா, பத்து நிமிஷம் பொறுங்க, என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்துடறேன். மூணு வருஷமும் வரைஞ்சது அவதான்.