வாய் திறந்து கேட்ட நொச்சி

ரோடும் இல்லாத, ரயிலும் இல்லாத காலம். ஓடைக்கு இக்கரையில் செவ்வேந்தல்னு ஒரு ஊர், அக்கரையில் புதுவயல். செவ்வேந்தலில் தலையில் கூடை வைத்து உப்பு விற்றவள் சீரங்காயி. எங்கள் முப்பாட்டனுக்குக் கூடப்பிறந்த அக்காள். தினம் ஒரு பிடி வல்லாரை மென்று தின்பாளாம், மூளைக்கு ரத்தம் நல்லா ஓடும்பாளாம். ஓடியதோ என்னவோ, மூணு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் சொன்னதை வார்த்தை பிசகாமல் அவன் முகத்துக்கே திருப்பிச் சொல்வாளாம். அவளோடு பேரம் பேச ஊரே யோசித்ததாம்.

அந்த வருசம் அய்யனாருக்குப் புரவியெடுப்பு. மண்குதிரை செய்கிற வேளார் வீட்டிலிருந்து அதைத் தூக்கினால் கோயில் வரைக்கும் தரையில் வைக்கக் கூடாது. முதல் தோள் கொடுக்கிற உரிமை செவ்வேந்தல் ஊர்த்தலைவரான அம்பலம் உடையப்பனுக்கு. அவர் தூக்காமல் விட்டால் அந்த உரிமை புதுவயலில் இருக்கிற சித்தப்பா மகன் சோணைக்குப் போய்விடும். போனால் போனதுதான், திரும்பாது.

சரியாக ஒன்பது நாள் இருக்கும்போது அம்பலத்துக்கு ரெண்டு முட்டியும் பனங்காயாய் வீங்கிக்கொண்டதாம். கைவைத்தியமும் தெரிந்தவள் என்று சீரங்காயியைக் கூப்பிட்டார்கள். நிலம் தருகிறேன் என்றாராம். வேண்டாம் என்றாளாம். ஓடைக்கரை நொச்சியை யாரும் வேரோடு வெட்டக் கூடாது, எவன் முட்டி வீங்கினாலும் வந்து இலை பறிக்கலாம், அது போதும் என்றாளாம். சரி என்று தலையாட்டினார்.

நொச்சி இலையையும் கல்லுப்பையும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, காலையில் ஒத்தடம். மஞ்சளும் சுக்கும் அரைத்து சாயங்காலம் பற்று. ஒருநாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு, மூணாம் நாள் வீக்கம் பாதி வடிந்துபோச்சு.

அங்கேதான் மனுசன் புத்தி கெட்டது. ஒரு பிடி இலைக்கே இவ்வளவு வடிந்தால், கரை முழுக்க வெட்டி அவித்தால் ஒரே நாளில் வடியுமே என்று கணக்குப் போட்டார். ஆளை விட்டு வேரோடு வெட்டினார். நெல் அவிக்கிற அண்டாவில் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டிலேயே காலை விட்டார். தோல் வெந்தது. வீக்கம் முன்னைவிட ஏறியது.

மறுநாள் சீரங்காயி வந்தாள். கரையில் ஒரு இலை இல்லை.

"முட்டிக்கு மருந்து இருந்துச்சு அம்பலாரே, நீங்களே வெட்டிப்புட்டீக. வல்லாரை வேணா தாரேன். ரத்தம் ஓடாதது மேல தான்."

அக்கரையில் நொச்சி நிற்கிறது, யாருக்கும் தெரியாமல் பறித்து வா என்றாராம். மாட்டேன் என்றாள். திட்டினாராம். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாளாம்:

"முட்டி உங்களது. கேக்குற வாயும் உங்களதா இருக்கட்டும்."

போய்விட்டாள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். அடுத்த நாள் கம்பை ஊன்றி, ஓடையில் இறங்கி, அக்கரை ஏறினார். சோணை வரப்பில் நின்றான்.

"என்னண்ணே இந்தப் பக்கம்?"

"நொச்சி வேணும்டா."

"எதுக்கு?"

அம்பலம் வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினாராம். சோணை நாலு நாள் சும்மா இருந்தாலே முதல் தோள் அவனுக்கு வந்திருக்கும். ஒரு கை கொள்ளுமட்டும் அறுத்துக் கொடுத்தானாம்.

"நீ விழுந்து எனக்கு வர்ற மரியாதை எனக்கு வேணாம்ணே. நல்லாயிட்டு வா, அப்புறம் சண்டை போடுவோம்."

இலை வந்த பிறகுதான் சீரங்காயியும் வந்தாளாம். பழையபடி ஒத்தடமும் பற்றும் போட்டு வீக்கத்தை வடியவைத்தாளாம். புரவியெடுப்பன்று அம்பலம் குதிரையைத் தூக்கினார். கோயில் வரை அவரே நடந்தார் என்கிறார்கள். பாதி வழியில் சோணை தோள் கொடுத்தான் என்றும் சொல்கிறார்கள். அடித்துச் சொல்ல நான் அங்கே இல்லை.

இன்றைக்கும் புரவியெடுப்புக்கு ஒன்பது நாள் முந்தி, முதல் தோள்காரன் ஓடை தாண்டிப் போய், முட்டி நல்லா இருந்தாலும் வேட்டியைத் தூக்கிக் காட்டி, வாய் திறந்து நொச்சி கேட்கணும். கொண்டுவந்ததில் ஒரு குச்சியை இக்கரையில் அவன் கையாலேயே ஊன்றணும். அந்த இடத்துக்கு சீரங்காயி கரை என்று பேர். வேரில் யாரும் அரிவாள் வைப்பதில்லை. ஆள் அனுப்பினால் புதுவயலில் இலை கொடுக்கமாட்டார்கள். போன தடவை ஒருத்தன் மச்சினனை அனுப்பிப் பார்த்தான். மச்சினன் வெறுங்கையோடு திரும்பினான், பிறகு இவனே போனான்.