மூணாவது வெளிச்சம்

ஏல, அந்த ரேடியோவை அணைங்க... கதவையும் ஒருக்களிச்சு வையி. இது நம்ம லூசியம்மா தங்கச்சி மாப்பிள்ளை தனசீலனுக்கு நடந்தது. அறுபத்தெட்டுல. நம்பாதவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரு, நடுவுல நொய்யி நொய்யின்னு கேள்வி கேக்காத.

ராத்திரி பத்து மணி. பம்பாய்ல டிராம்பே ரோடு. ஒரு ஈ காக்கா கெடையாது. ஒரு பக்கம் உப்புச் சேறு... முட்டை அழுகுன வாசனை. தூரத்துல எண்ணெய்க் கம்பெனிக் குழாய் உச்சியில நெருப்பு எரியுது. தனசீலன் தாராவிக்கு பஸ் பிடிக்க நடந்து வாரான். வாயில வராத வசவு கெடையாது. அம்புட்டு எரிச்சல்.

எரிச்சல் வராதா பின்ன? அங்கன ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல அவனுக்கு வேலை. இருட்டு ரூம். நடுவுல கண்ணாடிக் குப்பி, உள்ள பொட்டாசியம். சூடு பண்ணுனா ஆவியாகும். லேசர் வெளிச்சத்தை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன, அந்த ஆவிக்குள்ள அடிக்கணும். ஆவி அந்த ரெண்டையும் ஞாபகம் வச்சிருந்து, கொஞ்சம் பொறுத்துத் தானா ஒரு வெளிச்சம் விடணும். மூணாவது. யாரும் அடிக்காத மூணாவது.

ரெண்டு வருசம்... வரலியே! வெளிச்சத்தை அளக்குற மெஷின் திரையில, அடிச்ச ரெண்டுக்கும் ரெண்டு மேடு எந்திரிக்கும். அப்புறம் வெறுங்கோடு. குப்பி கறுத்துப் போச்சு, மாத்துனான். கரண்ட் ஏறி இறங்குச்சு, அதையும் சரி பண்ணுனான். திரும்பவும் ரெண்டு மேடு, வெறுங்கோடு. "நாளைக்குக் காலையில ரூமைக் காலி பண்ணிரு"ன்னுட்டாரு பெரிய ஆபீஸர். அன்னைக்குக் கடைசியா ஒரு தடவை அடிச்சுப் பாத்தான். அதே கோடு. பட்ட பாடெல்லாம் மண்ணாப் போச்சு.

கூட வேலை பாத்தவன் கிட்டு, மாட்டுங்காக்காரன், கண்ணாடி போட்ட ஒல்லி ஆளு. சதா மூக்குப்பொடி. "வரும்டா சீலா, மூணாவது வராம எங்க போயிடும்?"ம்பான். நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்லா, ராத்திரி யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது கூப்பாட்டுக்குத்தான் 'ஏன்'னு பதில் குடுக்கணும், பேய்க்கு ரெண்டுக்கு மேல கூப்பிட வராதுன்னு? சீலன் அதைச் சொல்லப்போயி, கிட்டுவுக்கு விளையாட்டாப் போச்சு. வராந்தா இருட்டுல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டு நிறுத்திருவான். இவன் பதறுனப்புறம் மூணாவதை நல்லா இழுத்து விடுவான். அந்தக் கிட்டு அதுக்கு முந்துன மழையில மஞ்சக்காமாலை வந்து போய்ச் சேந்துட்டான், பாவம்.

ம்... ரோட்டுல சீலன் வாரானா. பின்னால...

"சீலா."

கிட்டு குரல்.

கால் அப்படியே நின்னு போச்சு. எங்கயோ குலைச்ச நாயும் நிப்பாட்டிட்டு.

"சீலா."

வாயப் பொத்திக்கிட்டான். மூணாவதுக்குக் காத்து நின்னான்... ஒண்ணுமில்ல. பயம் போயி ஆத்திரம் வந்துட்டு அவனுக்கு. "நீயும் ரெண்டோட நிறுத்திட்டியால? மூணாவதைக் கூப்பிட்டுத் தொலையேம்ல!" இருட்டைப் பாத்துக் கத்துனான். அழுகையும் வந்துட்டு. பஸ் வந்துச்சு, ஏறிட்டான்.

தாராவியில வீட்டுக்கு வெளிய, சந்துல நிக்கிறா பொண்டாட்டி இருதயமேரி. வீட்டுக்குள்ள கும்மிருட்டு.

"உங்க ஆபீஸ் கூட்டாளி யாரோ வந்திருக்காங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டு. 'சீலா'ன்னு நல்லா இழுத்துக் கூப்பிட்டாங்க."

கிட்டுவை அவ கண்டதில்ல, பாத்துக்கிடுங்க.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"ன்னான் சீலன்.

"நான் கண்ணசந்துட்டேங்க. ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. முதல் ரெண்டும் தூக்கத்துல கேக்கலபோல, இதுதான் மூணாவதுன்னு நெனச்சு... 'வாங்க'ன்னு கதவைத் தொறந்துட்டேன். உள்ள உக்காந்திருக்காங்க. சிம்னி விளக்கை ரெண்டு தடவை பொருத்துனேன். ரெண்டு தடவையும் அணைஞ்சிட்டு. எனக்கு என்னவோ போல ஆயி, வெளிய வந்துட்டேன்."

கதவிடுக்குல மூக்குப்பொடி வாசனை வந்துச்சு...

உள்ள விளக்கு எரிஞ்சுது.

சீலன் பொண்டாட்டி கையைப் பாத்தான். தீப்பெட்டி அவ கையிலதான் இருந்துச்சு.