தொண்ணூறு லீற்றர்

— முப்பத்தெட்டு விடைத்தாள், செல்லசாமி சேர். முப்பத்தேழில பூச்சியம். நான் போட்ட புள்ளியில்லை, பிள்ளையள் எழுதின விடையே பூச்சியம்! இதென்ன பகிடி?

— பகிடி இல்லீங்க, இராஜகுமாரி மேடம். கணக்கு.

— பல்கலைக்கழகத்தில கணக்குப் படிக்கிற பிள்ளையள்! கேள்வியோ ஐந்தாம் வகுப்புக் கேள்வி. 'பல் துலக்கும்போது குழாயைத் திறந்து விட்டால் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் வீணாகும். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். குழாயை மூடினால் மிச்சம் எவ்வளவு?' தொண்ணூறு லீற்றர். என்ர அண்ணன்ர சின்னப் பெடியன் தேனுஜன் விரலை மடிச்சுச் சொல்லுவான்.

— அவரு யாழ்ப்பாணத்துல கெணத்தடியிலதானே பல்லு வெளக்குறாரு? அங்க குழாய் ஏதுங்க?

— கதையை மாத்தாதேங்கோ. நீங்கள்தானே இப்பிடி எழுதச் சொல்லிக் குடுத்தனீங்கள்?

— சத்தியமா இல்லீங்க. நான் சொல்லிக் குடுத்து முப்பத்தேழு பேரு ஒரே மாதிரி எழுதுறதாவது! என் வகுப்புல அப்படி ஒரு அதிசயம் இதுவரைக்கும் நடந்ததில்ல.

— ஐயோ கடவுளே! எட்டுப் பாடத்துக்குள்ளயும் சுற்றாடலைச் சேர்க்கோணும் எண்டு கொழும்பு அமைச்சு என்னை இந்த மலைநாட்டுக் குளிருக்குள்ள அனுப்பி ஒரு வருசம். சரித்திரத்தில இக்ராம் சேர் பழைய குளங்களைச் சேர்த்தார். வணிகத்தில ரஜனி மிஸ் பொலித்தீனைச் சேர்த்தா. உங்கட கணக்கு மட்டும்தான் பாக்கி. இண்டைக்கு நாலு மணித் தபாலில அறிக்கை போகாட்டி, 2003ஓட திட்டத்தையே மூடிப்போடுவினம்.

— ரஜனி மிஸ் அந்தப் பொலித்தீன் பாடத்த எதுல போட்டுக் கொண்டாந்தாங்கன்னு பாத்தீங்களா? சிலிசிலி பேக்குல. அதுவும் பொலித்தீன் பைதானுங்களே!

— சேர்!

— சரி, சரி. அந்தா, அழகம்மா தேத்தண்ணியோட வருது. உங்க கேள்விய அதுக்கிட்டயே கேளுங்க.

— அழகம்மா, நீங்கள் பல்லுத் தீட்டேக்க பைப்பை மூடினா எவ்வளவு தண்ணி மிஞ்சும்?

— மூடுறதா? எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வரிசையா இருபது காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், எல்லாத்துக்கும் ஒரே பைப்பு, மேடம். காலையில ஒரு மணி நேரந்தான் தண்ணி வரும். அத மூடிட்டு நான் பல்லு வெளக்கிட்டு நின்னா, பின்னால குடத்தோட நிக்கிற வீரம்மா அந்தப் பல்லையே கழட்டிருவா.

— பிறகு எப்பிடித் தீட்டுறது?

— ஒரு செம்புத் தண்ணி. அதுலயே மூஞ்சியும் கழுவி, மிச்சத்த ரோசாச் செடிக்கு ஊத்திருவேன். சீனி போதுங்களா?

— போதும் அழகம்மா. எல்லாம் போதும். போயிட்டு வாங்கோ.

— இப்பச் சொல்லுங்க மேடம். அந்த முப்பத்தேழு பிள்ளைங்களும் இந்த மாதிரி லயத்துலேருந்து வந்ததுங்கதான். அழகம்மா வீட்டுல எதை மூடி எதை மிச்சம் பிடிக்கிறது? பூச்சியம் தப்புங்களா?

— எனக்கு விளங்குது சேர். கொழும்புக்கு விளங்காது. அவைக்குச் சரியான விடை ஒண்டு காட்டோணும். நல்ல காலம், ஒரு பிள்ளை தொண்ணூறு எண்டு எழுதியிருக்கு. வழியும் வடிவாக் காட்டியிருக்கு. சுட்டெண் பதினேழு. இதைத்தான் மாதிரி விடைத்தாளா அனுப்பப் போறன். நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கோ.

— அத மட்டும் அனுப்பாதீங்க.

— ஏன்? உங்கட வகுப்பில கேள்வி விளங்கின ஒரே பிள்ளை!

— மத்த முப்பத்தேழையும் அனுப்புங்க. கேள்விய நான் மாத்தி எழுதித் தர்றேன். இருபது காம்பரா, ஒரு பைப்பு, ஒரு மணி நேரம், வீட்டுக்கு எத்தன குடம்? கொழும்பு பெரியவங்க போட்டுப் பாக்கட்டும். பாடத்துல சேத்துக்கிறேன், கையெழுத்தும் போடுறேன்.

— மெய்யாவோ? இந்த ஒரு கையெழுத்துக்கு ஒரு வருசம் உங்களுக்குப் பின்னால திரிஞ்சனான்! பேனையைப் பிடியுங்கோ, மணி மூண்டரை. ஆனா பதினேழில ஏன் இவ்வளவு கோவம்? கணக்குப் பிழையோ?

— கணக்குச் சரிதாங்க. சரி போடத்தான் கை வரல.

— அப்ப?

— கந்தப்பளை லயத்துல பதினெட்டு வருசம் வாளியோட வரிசையில நின்னவன் நான், மேடம். இப்ப பல்கலைக்கழகம் குடுத்த குவாட்டர்ஸ் வீட்டுல மூணு பைப்பு. பதினேழு, என் மக மதுரா.