பெண்ணு பாக்க வந்த எடத்துல ரேடியம்

குறையின்னு சொல்லல்ல மைனி. உங்க மகன் செல்வதாசுக்குப் பெண்ணு பாக்க இராஜாக்கமங்கலத்துலேருந்து வந்திருக்கிய, உங்ககிட்ட மறைக்கப்பிடாது பாருங்க. பெத்த பிள்ளையப் பத்தி அம்மை சொல்லாட்டா பின்ன யாரு சொல்லுவா… காப்பியக் குடியுங்க. பூங்கனி போட்டது. அதான் எனக்கும் பயமா இருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பள்ளிக்கூடம். படிப்ப முடிக்கப்போற ஆறாம் பாரத்துப் பிள்ளையளுக்கு வேதபாடம் போதாதுன்னு, மிசன் ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்த டாக்டரம்மாவப் பேசக் கூப்பிட்டாவ. மெட்ராசுல படிச்சவிய. புத்துநோய்க்கு ரேடியம்னு ஒரு வைத்தியமாம். துணி தைக்கிய ஊசி மாதிரி ஒரு ஊசி, அதுக்குள்ள ரேடியம். ஈயப் பெட்டியில பூட்டி வச்சிருப்பாவளாம். கையால தொடப்பிடாதாம், இடுக்கியால எடுத்துக் கட்டிக்குள்ள குத்தி வைப்பாவளாம். கண்ணுக்குத் தெரியாத கதிரு கட்டியச் சுட்டுருமாம். தீ இல்ல, பொகை இல்ல. ஒரு நாளாவது பொகை இல்லாம அடுப்புப் பத்த வைக்கத் தெரியாதவ, அதக் கேட்டு வாயப் பொளந்துட்டு இருந்திருக்கா.

அதோட விட்டாவளா… இதுல பெண்ணுவளுக்கு வேலையும் இருக்குன்னாவ. மிசினு பாக்க ஒரு ஆளு, கதிரு எம்புட்டு நேரம் படணும்னு கணக்குப் போட ஒரு ஆளு, பேடிச்சவளுக்குத் தைரியம் சொல்ல ஒரு ஆளு. யாருக்கு விருப்பம், கையத் தூக்குங்கன்னு கேட்டிருக்காவ. மத்தப் பிள்ளைய ஒக்க மரியாதையா தரையப் பாத்துட்டு இருந்திருக்கு. தூக்குனது நம்ம வீட்டு மகாராணி. அதுவும் ரெண்டு கையும்.

ஊரு முழுக்கத் தமிழ்நாட்டோட சேரணும்னு ஊர்வலம் போகுது. இவ ஒருத்தி அந்த வேலைக்குப் படிக்க நேரா மெட்ராசோடயே சேரணும்னு நிக்கா. அவளுக்க அப்பா என்ன செய்தாரு… கல்யாணத்த முடிச்சுட்டா தானா தெளியும்னு உங்களுக்கு ஆளு அனுப்பிட்டாரு. கொள்ளாம். தெளிய வைக்க உங்க வீடுதான் கிடைச்சுது.

நாளைக்கு உங்களுக்கு இடுப்பு வலின்னா எண்ணெ தேச்சு விட மாட்டா, கேட்டியளா. சட்டையக் கழத்துங்க, எங்கயாவது கட்டி இருக்கான்னு பாக்கணும்னு நிப்பா. அடுத்த வீட்டு நேசபாய்கிட்ட அப்படித்தான் கேட்டுட்டா. அவ இப்பம் இந்த முடுக்கு வழி வாறதே இல்ல, சுத்திப் போறா.

பின்ன அந்த மண்ணு… நம்ம கடப்பொறத்துக் கறுத்த மண்ணுலயும் கதிரு விடுக சாமானம் கொஞ்சம் இருக்குன்னு சொல்லிட்டாவ. மறுநாளே ரெண்டு சாக்கு வந்து எறங்கிட்டு. எங்க வச்சிருக்கான்னா… நீங்க இருக்கிய பெஞ்சுக்கு அடியிலதான். ஏன் எந்திரிச்சிட்டிய? இருங்க மைனி. உங்க பக்கத்து மண்ணுதானே, உங்கள ஒண்ணும் செய்யாது.

இதையும் சொல்லிருகேன். எனக்க மாருல ஒரு கட்டி இருக்கு. கொட்டப்பாக்கு அளவு. பிள்ளைக்கும் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் யோசிச்சுக்கிடணும்… மைனி… காப்பியத் தொடல்லியே… மைனி, குடைய விட்டுட்டுப் போறிய…

ஏட்டி பூங்கனி. கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சது போதும், வெளிய வா. வண்டி முடுக்கத் தாண்டிட்டு. அப்பா வந்து கேட்டா, அவியளுக்கு நம்ம பெஞ்சு பிடிக்கல்லன்னு சொல்லு. சாக்குல இருக்கது உமின்னு அவியளுக்கு எதுக்குத் தெரியணும்.

அந்த டாக்டரம்மா பேசுன அண்ணைக்கி, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஒன்ன இழுத்துட்டு வரத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். சன்னலுக்கு வெளிய நின்னேன். பெண்ணுவ வெக்கப்பட்டு மறச்சு மறச்சே செத்துப்போகுதுன்னு அவிய சொன்னாவ பாரு… அதுக்குப் பொறவு ஒன்ன இழுக்க எனக்குக் கையி வரல்ல. பஸ்சு போயிட்டு. ரெண்டு பேரும் நடந்துதானே வந்தோம்.

என்னட்டி அப்படிப் பாக்க… மண்ணு பொய். நேசபாய் கதையும் பொய், அவ கேட்டா என்னக் கொன்னுருவா. கட்டி பொய்யில்ல மக்கா.

நாளைக்கு ஒனக்க டாக்டரம்மாகிட்டப் போவோம். நீ முன்னால நட, நான் பொறத்த வாறேன். தனியா போனா பாதி வழியில திரும்பிருவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

அழாத. ஏதாவது சொல்லு. காலையிலேருந்து பேசிப் பேசி எனக்கு வாயி வத்திட்டு. இப்பம் நீ சொல்லு… நான் கேக்கேன்.