திரியாத பால்

இல்ல, அந்த ஸ்டூல்லயே உக்காருங்க மிஸ்டர் லிண்ட்னர். தொப்பியைக் கையில புடிச்சிக்கிட்டு அப்படிப் பாவமாப் பாத்தா ஆசிட் என்ன மனசு மாறிடுமா?

இந்தக் கண்ணாடிக் குழாயை நல்லாப் பாத்துக்குங்க. அடியில ஆசிட்டு, மேல உங்க பாலு. ரெண்டும் தொட்டுக்கற எடத்துல ஊதாவா ஒரு கோடு நிக்குதா? நல்ல பாலா இருந்தா அந்த ஊதா வராது.

என்னது, குழாய் அழுக்கா? கழுவிக் கழுவிப் பாத்துட்டேன். மில்வாக்கி ஊரு திங்கறதைச் சோதிக்கத்தான் நகராட்சி எனக்குச் சம்பளம் குடுக்குது. குழாய் கழுவவும் தெரியாதா எனக்கு?

ஃபார்மலின் அது. உங்ககிட்ட என்ன பேரு சொல்லி வித்தானோ தெரியாது. பொணம் அழுகாம இருக்க ஊத்தற சரக்கு. அதைக் கேன்ல கலந்து, கொழந்தைங்க இருக்கற வீட்டு வாசல்ல வச்சுட்டு, மணியடிச்சிட்டு வந்திருக்கீங்க!

நான் ஒண்ணும் கத்தல. கத்தினா கீழ இருக்கறவனெல்லாம் மேல வந்து நிப்பான்.

ஆமாங்க, ஊரே பண்ணுது. யாரு இல்லைன்னது? இந்தா, இந்தக் கம்பளி நூலைப் பாருங்க. ஜாம்ல போட்டுக் கொதிக்க வச்சேன், எத்தனை அலசினாலும் செவப்பு போகல. ஸ்ட்ராபெரியைக் கண்ணாலயே பாக்காத ஜாம், அத்தனையும் சாயம். மிளகுப் பொடியில கொட்டாங்கச்சி. அவனுங்க பேரை எழுதி அனுப்பிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடப் போயிடுவேன். உங்களை நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது.

ஏனா? போன கோடையில நம்ம தெருப் பொம்பளைங்க கூத்தடிச்சாங்களே, மறந்துட்டீங்களா? சன்னல்ல சாசர் சாசராப் பால் வச்சு, எவன் பாலு ரொம்ப நாள் திரியாம நிக்குதோ அவன்தான் யோக்கியன்னாங்க. உங்க பாலு மறுநாளே திரிஞ்சுது. வெயில்ல வச்சா பாலு வேறென்ன பண்ணும்? வாடிக்கை பூரா ஓடிப்போச்சு. அன்னிக்கு சர்ச் ஹால்ல யாரு ஏறி நின்னது? நான். ஏம்மா, திரியறதுதாம்மா பாலு, லிண்ட்னர்கிட்ட கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கன்னு தொண்டை கிழியச் சொன்னேன்.

வாவ்ரா வீட்டம்மா அதைக் கேட்டுத்தான் உங்ககிட்ட மாறினா. அவ கைக்கொழந்தை வாந்தியும் பேதியுமா ஆஸ்பத்திரியில கெடக்கு. நேத்துப் பாக்கப் போனேன். அவ என்னைத் திட்டலைங்க. திட்டியிருந்தா தேவலை. என் கையைப் புடிச்சிக்கிட்டு, உன் புண்ணியத்துல பாலாவது நல்ல பாலாக் கெடைக்குதும்மாங்கறா. அப்படியே அவ வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரைச் சன்னல்ல மிச்சப் பாலு நின்னுச்சு. இந்தப் புழுக்கத்துல, துளிகூடத் திரியாம.

போன குளிர்காலத்துல ஏரி சரியா ஒறையல, இப்ப பாலைக் கெடாம வைக்க ஐஸு கெடைக்கல, அதானே? எனக்கும்தான் தெரியும். இன்னிக்குப் பாலு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சிடுமா? எங்கிட்டயாச்சும் வந்து சொன்னீங்களா?

கொட்டுங்க. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டுங்க. அது நீங்க கேட்டுச் செய்யற காரியமில்ல. ஆனா நான் எடுத்த சாம்பிள் பாட்டிலை மாத்தி வைக்கற பேச்சு மட்டும் வேணாம். அது மத்தியானமே சீல் வச்சு கோர்ட்டுக்குப் போயாச்சு. கூடவே என் ரிப்போர்ட்டும்.

ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறப்ப கொஞ்சம் நின்னுட்டேன், பொய் சொல்ல மாட்டேன். என்னம்மா யோசனைன்னு எங்க ஆபீஸ் பெரிய டாக்டர் கூடக் கேட்டாரு. ஒண்ணுமில்ல சார், ஒட்டீலி பிராண்ட்னு என் பேரைப் போட்டுட்டேன், அடுத்த மாசம்னா ஒட்டீலி லிண்ட்னர்னு போட வேண்டியிருந்திருக்கும்னேன்.

எழுந்திருங்க, நேரமாச்சு. பாதிரியார்கிட்ட நான் சொல்லிட்டேன். கல்யாணக் கேக்குக்குச் சொல்லி வச்ச கடையில மட்டும் நீங்க போய் வேணாம்னு சொல்லிடுங்க.