நாகப்பன் செய்த வேலை

2024 நவம்பர் 13, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. இரவு முழுவதும் பெய்த மழை தூறலாக இளைத்திருந்தது. ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் தேங்கிய நீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. அப்படிப்பட்ட நாளில் காரின் கதவுப் பலகையைக் கழற்றுவதில்லை என்பது என் வழக்கம். கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்தான் வடியும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு அது ஆகாது. ஆயினும் அன்று கழற்றினேன்.

இந்த வாக்குமூலத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆய்வாளர் அவர்களே. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

என் பெயர் ஏசுவடியான். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, பிறகு ஒரகடத்தில் கார் ஆடியோ கடை வைத்தேன். வண்டியோடு வரும் ரேடியோவின் ஒலி போதாது என்பவர்களுக்குத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயரைச் சீட்டுக்கு அடியில் பொருத்தி, அதைக் கதவு ஸ்பீக்கர்களோடு இணைத்துத் தருவது என் தொழில்.

அதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு ஒயர், எஞ்சினுக்கும் ஓட்டுநரின் கால்களுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி குலுங்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலைச் சீவிக்கொண்டே இருக்கும். அடுத்தது ஃபியூஸ். தோல் கிழிந்து ஒயர் இரும்பைத் தொட்டுவிட்டால், பேட்டரியை ஒட்டி வைத்த அந்த ஃபியூஸ் உருகி மின்சாரத்தை அறுத்துவிடும். ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் ஓட்டுநர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஃபியூஸ் போனால் அதன் இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். கேட்டால், “டிரிப் போயிடும் அண்ணாச்சி, அப்பாலிக்கா மாத்திக்கலாம்” என்பார்கள்.

எதிர்ச்சாரியில் நாகப்பன் கடை போட்டபோது நான் கவலைப்படவில்லை. உள்ளூர்க்காரன், முப்பது வயது, எப்போதும் சிரித்த முகம். வாடிக்கையாளரோடு தரையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் பிரியாணி சாப்பிடுகிறவன். இப்படிப்பட்டவன் ஒழுங்காக ஒயர் இழுக்க மாட்டான் என்று கணித்தேன். கணித்ததைப் பலரிடம் சொல்லியும் வைத்தேன்.

சுபாஷ் முதலில் என்னிடம்தான் வந்தான். பாண்டுரங்கனின் ஒரே மகன். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் ஒரு கார் வாங்கி, ஆலை ஊழியர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஆம்ப்ளிஃபயர் பொருத்த நான் இரண்டு நாள் கேட்டேன். நாகப்பன் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தான்.

அந்தப் புதன்கிழமை சுபாஷ் என் கடைமுன் வண்டியை நிறுத்தினான்.

“அண்ணாச்சி, லெஃப்ட் சைடு கதவு ஊமையாயிடுச்சு. நாகு அண்ணன் வல்லக்கோட்டையில கீறாரு, பாப்பாவுக்குக் காதுகுத்து. நீங்க கொஞ்சம் பாருங்களேன்.”

“அவன் போட்டத நான் தொட்டா, நாளைக்கு எம்மேலல்லா பழி வரும் தம்பி.”

“ஸ்க்ரூவையே சோப்பு போட்டுக் கழுவற ஆளு நீங்க. உங்க மேல எவன் பழி போடுவான்?”

கதவுப் பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கரின் பின்னால் ஒரு கிளிப் நழுவியிருந்தது. சொருகியதும் ஒலி வந்தது. வேலை அத்துடன் முடிந்தது, நான் முடிக்கவில்லை. நாகப்பனின் அலங்கோலத்தைப் பார்க்க விரும்பி, மற்றக் கதவுகளையும் கழற்றினேன்.

அலங்கோலம் எதுவும் இல்லை. ஒயர்களை அவன் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாயின் வழியாகவே இழுத்திருந்தான். அது விரல்களை நோகடிக்கும் வேலை. இந்த வட்டாரத்தில் நான் ஒருவனே அதைச் செய்பவன் என்று நம்பியிருந்தேன். அதைவிட, ஒவ்வொரு ஸ்பீக்கரின் மேலும் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ஒரு சிறு கூரை பொருத்தியிருந்தான். இறங்கிவரும் மழைநீர் ஸ்பீக்கரைத் தொடாமல் அதன்மேல் வழிந்து போகும். இத்தனை ஆண்டுகளில் மழை நாளில் கதவைத் திறக்காமலிருக்க மட்டுமே நான் கற்றிருந்தேன். கூரை போடலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

எஞ்சின் மூடியைத் திறந்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துளையில் வளையமும் இருந்தது.

சுபாஷை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். போகும்போது, “உங்களுக்கும் வாங்கியாரட்டா, சக்கரை கம்மியா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் திரும்புவதற்குள் வளையத்தைத் துளையிலிருந்து உருவி எடுத்தேன். ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஓட்டுநர்கள் செய்வதுபோலவே அங்கே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றினேன். கருப்பு டேப்பை, நாகப்பன் ஒட்டியிருந்த அதே சாய்வில் திரும்ப ஒட்டினேன். ஆம்ப்ளிஃபயர் மீதிருந்த அவன் கடை ஸ்டிக்கரைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடும். நான் விரும்பியது சிறியது. ஒருநாள் பாட்டு நிற்க வேண்டும். கொஞ்சம் புகை வர வேண்டும். நாகப்பனைப் பற்றி நான் முன்பே சொன்னது சரி என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவே. கூலி வேண்டாம் என்று சுபாஷிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு கிளிப் சொருகியதற்குக் கூலி வாங்குவது முறையன்று.

அடுத்த வாரம் டீக்கடையில் அவன் என்னைப் பார்த்தான்.

“சவுண்டு சூப்பரா கீது அண்ணாச்சி. ஆனா பள்ளம் மேட்டுல போறப்போ லேசா கருகுன வாசன வருது. நாகு அண்ணன்கிட்ட காட்டட்டா, நீங்களே பாக்கறீங்களா?”

அது என்ன வாசனை என்று எனக்குத் தெரியும். ஆலையில் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நாகப்பனிடம் காட்டினால் அவன் மூடியைத் திறப்பான். திறந்தால் தன் வளையம் எங்கே என்று தேடுவான். நானே பார்க்கலாம் என்றால், டீக்கடை முழுவதும் பார்க்க அவன் வண்டியை நான் திறக்க வேண்டும்.

“புது ஒயர்னா வாசம் வரத்தான் செய்யும் தம்பி. நாலு நாள்ல போயிரும்,” என்றேன்.

அவன் நம்பினான். இந்தச் சாலையில் ஒயரைப் பற்றி நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில், முதல் ஷிப்ட் விடுவதற்குக் காத்திருந்தபோது அது நடந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் ஆலை வாசலில் வரிசையாக நிறுத்தி, ஏசியைப் போட்டு, பாட்டை மெல்ல வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு உறங்குவார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றுதான். சுபாஷும் உறங்கினான். ஒயர் சூடேறி முதலில் தரைவிரிப்பு புகைந்திருக்கிறது. கதவுப் பூட்டுக்குப் போகும் கம்பிகளும் அதே தடத்தில்தான் ஓடுகின்றன; அவையும் உருகியதால் பூட்டு திறக்கவில்லை. மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் கல்லை எடுத்துவந்து கண்ணாடியை உடைத்தபோது, அவனை உயிரோடு எடுக்க முடியவில்லை. அன்றுமுதல் நான் மூடிய காரில் ஏறுவதில்லை. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போவதானாலும் ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கேட்டு வாங்குகிறேன்.

நீங்கள் அதை மின்கசிவு விபத்து என்று எழுதி முடித்தீர்கள். ஓட்டுநர்கள் விடவில்லை. எங்கள் கடைக்காரர் சங்கம் விசாரிக்க வேண்டும் என்றார்கள். நான் சங்கச் செயலாளர். எரிந்த வண்டியைப் பார்த்து அறிக்கை தர என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். துளையில் வளையம் இல்லை, ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி இருந்தது, வண்டியில் ஒயர் வேலை செய்தவர் நாகப்பன் என்று எழுதினேன். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடையின் மாடியில் விசாரணை நடந்தது. பாண்டுரங்கன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நாகப்பன் நின்றுகொண்டே பேசினான்.

“நான் வளையம் போட்டேன்ணா. ஃபியூஸும் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது.”

“அப்ப எம்புள்ளையே கழட்டிட்டானாடா?” என்றார் பாண்டுரங்கன். “நெருப்புப் பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கினானா?”

சுபாஷ் என் கடைக்கு வந்துபோனது நாகப்பனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தவன் சுபாஷ் மட்டுமே. சங்கத் தலைவர் வெங்கடேசன் என் பக்கம் திரும்பினார். நான் நாகப்பனிடம் மென்மையாகவே பேசினேன்.

“சுபாஷ் வண்டிய முடிச்ச அன்னைக்கு ஒரே நாள்ல எத்தன வண்டி பாத்த?”

“மூணு.”

“மூணுலயும் வளையம் போட்டது தனித்தனியா ஞாபகம் இருக்கா? இல்ல, எப்பவும் போடுற பழக்கம்கிறதால போட்டதா நெனைக்கியா?”

அவன் தன் கைகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்த நேரம் முழுவதும் என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது, நான்கே சொற்கள்தான்: நீ போட்டாய், நான் எடுத்தேன். அதை நான் விழுங்கினேன்.

“தெர்ல அண்ணாச்சி,” என்றான் கடைசியில். “போட்ட மாரிதான் இருக்கு. மறந்துட்டனோ, இன்னாவோ.” பிறகு பாண்டுரங்கனின் காலடியில் போய் உட்கார்ந்தான். “நாந்தான் சாவடிச்சிட்டேன் மாமா.”

சுபாஷைக் கொன்றவன் நான், ஆய்வாளர் அவர்களே. வளையத்தை உருவியபோது அல்ல. அப்போது எனக்கு அவன் முகமே நினைவில் இல்லை. டீக்கடையில், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நாலு நாளில் போய்விடும் என்று சொன்னேனே, அப்போது கொன்றேன். நாகப்பனுக்குச் செய்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

தீர்மானத்தை நானே எழுதினேன். நாகப்பனுக்கு இந்த வட்டாரத்தில் எவரும் கடை தரக் கூடாது, பொருள் தரக் கூடாது, வேலைக்கும் சேர்க்கக் கூடாது. உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள், கடைசியாக நான் இட்டேன். அதை அவனிடம் சேர்ப்பது செயலாளரின் பொறுப்பு. அவன் கடையில் அலமாரிகள் காலியாகியிருந்தன. மனைவி ஒயர்ச் சுருள்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். தாளை அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பிரித்துப் படிக்கவில்லை.

“எவ்ளோ நாளைக்கு அண்ணாச்சி?”

“அஞ்சு வருசம்தான் நாகப்பா. ஆயுசுக்கும்னு எழுதத்தான் எல்லாரும் நின்னாங்க. நாந்தான் பேசிக் கொறச்சேன்.”

அவன் தாளோடு சேர்த்துக் கைகூப்பினான். அவனுக்காக அந்த ஒன்றையாவது செய்ய முடிந்ததே என்று, உண்மையாகவே, எனக்கு மனம் நிறைந்திருந்தது.