காளிகாட் பூவும் கப்பல் டிக்கெட்டும்

கல்கத்தாவில் ஹவுரா படகில் எனக்கு முன் வரிசையில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகவிருந்த சொகுசுக் கப்பலின் கம்பெனி திவாலாகிவிட்டதாம்.

“பணம் திரும்ப வேணும்னா ஒரிஜினல் டிக்கெட் கேக்கறான். எங்க வெச்சே?”

“பயணம் நல்லபடியா நடக்கணும்னு காளிகாட் கோயில் பூவோட பொட்டலமாக் கட்டி சாமி படத்துக்கிட்ட வெச்சேன்.”

“அந்தப் பூ?”

“காஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை இதே படகுலேருந்து கங்கையில விட்டேன்.”

“பொட்டலத்தோடயா?”

“சாமி பூவைப் பிரிக்கலாமா?”

அவர் படகின் ஓரமாக எட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

“சரி, கப்பலுக்குப் பதிலா பூரிக்கு ரயில்ல போயிடலாம். பாஸ் இருக்கு.”

“குடுங்கோ, சாமிகிட்ட வெச்சு…”

“என் பையிலயே இருக்கட்டும். இந்தத் தடவை சாமிக்குச் சொல்லவேண்டாம்.”

அந்த அம்மாள் கங்கையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.